பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோரிப் கடலுக்கு, தாடி வைத்த மாமாவோடு

மாமாவின் பையில் இரண்டு துண்டுகள் இருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். சைக்கிள் ஓட்டப் போகிறவருக்கு வியர்வை துடைக்கச் சின்னத் துண்டு ஒன்று போதும். பெரிய துண்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஜிப்பை இழுத்து மூடிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, விடியுமுன் சைக்கிளில் கிளம்பினார்.

மாமா என்பது என் அக்கா கலாவின் கணவர். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மூன்று வாரத்தில் அவருக்கு ஒரு போட்டி இருந்தது. கடலில் இரண்டு கிலோமீட்டர் நீந்தி, தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்பின் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். எட்டு மாதமாக வேலை முடிந்து வந்து பயிற்சி செய்தார். சைக்கிளும் ஓட்டமும் பழகிவிட்டன. நீச்சல் மட்டும் குளத்தோடு நின்றது.

காரணம், அக்காவுக்கு ஏழாவது மாதம். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் கடலில் குளிக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது என்று எங்கள் வீட்டில் பார்ப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் மாமா நண்பர்களோடு கடலுக்குப் போய் வந்த வாரத்தில் அக்காவின் முதல் குழந்தை வயிற்றிலேயே போனது. டாக்டர் வேறு காரணம் சொன்னார். அம்மாவுக்கு அந்தக் காரணம் புரியவில்லை, கடல் புரிந்தது. இந்த முறை மாமா தாடி வளர்த்தார். ஆனால் கடலில் ஒரு தடவையாவது நீந்திப் பார்க்காமல் போட்டிக்குப் போவது தற்கொலை என்றார்.

"கூடப் போ. இறங்கவிடாத, காலப் புடிச்சாவது நிறுத்து" என்றார் அம்மா.

அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு வேறு மாதிரி சொன்னாள். "இறங்கினா தடுக்காத. ஆனா அங்கிருந்தே போன் பண்ணிச் சொல்லிடு. வீட்டுக்கு வர்ற வரைக்கும் இறங்கினாரா இல்லையான்னு தெரியாம என்னால உட்கார்ந்திருக்க முடியாது."

மோரிப் கடற்கரைக்குப் போகிறவர்களுக்காக வழியைச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு நடக்க இருபது நிமிடம். கொமுட்டர் ரயில் வந்த பிறகு கிள்ளானுக்குப் போவது சுலபமாகிவிட்டது. ஒரு மணி நேரம் ஆகிறது. ஞாயிறு காலையில் உட்கார இடம் கிடைக்கும். கிள்ளானில் பந்திங் பஸ் பிடித்து, பந்திங்கில் மோரிப் பஸ்ஸுக்கு மாற வேண்டும். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து மூன்று வெள்ளி, அதாவது மூன்று ரிங்கிட், கொடுத்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம்தான் அதிகம்.

மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டுத் தையல் கடையில் வேலை செய்யும் நான், தெரியாதவர்களோடு அதிகம் பேசியதில்லை. எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் கேட்டபோது மோரிப் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

"வாயில மிட்டாயா, தங்கச்சி? சத்தமா சொல்லு லா."

"மோரிப், அண்ணே."

"இந்த மழை மூட்டத்துல மோரிப்புக்கு யாரு போவா?" என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

அவர் சொன்னது சரி. பந்திங்கைத் தாண்டியதும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களின் மேல் வானம் சாம்பலாகக் கிடந்தது. மோரிப்பில் இறங்கியபோது மணி பத்து. ஆளே இல்லை. வற்றுநேரத்தில் இங்கே கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும், சேறுதான் மிஞ்சும். ஆகவே ஏற்றநேரம் கேட்டுக்கொண்டு வாருங்கள். சேறாக இருந்தால் யாரும் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். தண்ணீர் கல் சுவர் வரை ஏறியிருந்தது.

மாமா எனக்கு முன்பே வந்து, சவுக்கு மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார். எண்பது கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்த முகம் போலவே இல்லை. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் பெண் ஒருவர் மட்டும் கடை திறந்திருந்தார். மாமா நீச்சல் கண்ணாடியைத் துடைப்பதையும் அவருடைய தாடியையும் அந்தப் பெண் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுல முழுகாம இருக்காங்களா, தம்பி?"

"ஆமாக்கா. ஏழு மாசம்."

"அப்ப தாடிக்கு ஒரு சட்டம், கடல்ல இறங்கற காலுக்கு ஒரு சட்டமா?"

மாமா சிரித்தார். "தாடி வளக்கறது சுலபம்கா. அது தானா வளருது."

கடைக்கார அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அம்மா சொன்னதைச் செய்ய அதுதான் நேரம். மாமாவின் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு மாதத்தில் அவை மெலிந்து கயிறு போல முறுக்கேறியிருந்தன. அவர் கல் சுவரின் படியில் இறங்கிப் போனார்.

கரையை ஒட்டியே நீந்தினார். நான் அவருடைய காலணிகளை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தேன். பழுப்புத் தண்ணீரில் அவர் தலை தெரியும், மறையும். ஒரு முறை வெகுநேரம் தெரியவில்லை. அப்போது நான் நினைத்தது அக்காவின் குழந்தையை அல்ல, மாமாவைத்தான். பிறகு வேறு இடத்தில் கை எழும்பியது. இரண்டு நடை போய் வந்தார். கரையேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பெரிய துண்டைக் கொடுத்தேன். போர்த்திக்கொண்டு சவுக்கு மரத்தடி மணலில் உட்கார்ந்தார். வாந்தி எடுத்திருந்தால், பாதியில் திரும்பியிருந்தால், ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பேன்.

"நல்லா நீந்துனேன்" என்றார் கடலைப் பார்த்தபடி. "மோசமா நீந்தியிருந்தா இன்னிக்கே விட்டிருப்பேன். போட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு போயிருப்பேன்."

மோரிப்புக்குப் போகிறவர்கள் சாப்பாடு கொண்டு போவது நல்லது. மழை நாளில் ஒரு கடைதான் இருக்கும். குடை கட்டாயம். குளத்தில் மட்டும் நீந்தியவர்கள் தனியாக இறங்க வேண்டாம். கரையில் நிற்கும் ஆளால் பார்க்க மட்டும்தான் முடியும். சம்பிரதாயம் உண்மையா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அதை மீறியவரும் அதை நம்பியவரும் ஒரே அளவு பயந்ததை அன்று பார்த்தேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. "நானே சொல்றேன்" என்று மாமாதான் எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டதும் ரிசீவரை என் கையில் வைத்துவிட்டுச் சைக்கிள் பக்கம் போய் நின்றார்.

"அக்கா, நான்தான்."

"இறங்கிட்டாரா?"

"இறங்கிட்டாரு."

அம்மா பின்னால் ஏதோ கேட்டார். அக்கா அதற்குக் காது கொடுக்காமல் என்னிடமே கேட்டாள்.

"நல்லா நீந்துனாரா?"

"நல்லா நீந்துனாரு, அக்கா."

அதன்பின் அவள் மூச்சு மட்டும் கேட்டது. நேரம் முடியப் போவதாகத் தொலைபேசி சத்தம் போட்டது. நான் இன்னொரு காசைப் போட்டேன்.