பின்கதவுக்குப் பூட்டு

பூகோள டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று பள்ளியில் எல்லோரும் சொல்வார்கள். கோபப்படாமல் என்ன செய்வாள்? வருடா வருடம் தொண்டைத் தண்ணீர் வற்ற ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள். பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிளந்து கிடக்கிறது. அவை மெல்ல நகர்கின்றன. இரண்டு தட்டுகள் உரசும் விளிம்பில் பாறைகள் சிக்கிக்கொண்டு, தாங்கும்வரை தாங்கி, ஒருநாள் சட்டென்று வழுக்குகின்றன. உலகத்தில் பெரும்பாலான பூகம்பங்கள் அந்த விளிம்புகளில்தான். இந்த ஊரும் அப்படியொரு விளிம்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் பரீட்சையில் அதை அழகாக எழுதிவிடுவார்கள். பெரியவர்கள் காதில்தான் ஏறாது.

"அதான் ஒரு தடவை ஆடிடுச்சே, இனி நம்ம ஆயுசுக்கு வராது" என்பார்கள். பூமி என்ன, ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போன விருந்தாளியா? வழுக்கிய தட்டு மறுபடி நெருக்கத் தொடங்கிவிடும். விளிம்பு அங்கேயேதான் இருக்கிறது.

'இனி வராது' என்று தலைமை ஆசிரியரும் சொன்னதுதான் அவள் வயிற்றெரிச்சல். அவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. ஊர் ஆடிய அன்று அவர்கள் அம்மா தையல் பட்டறையில் இருந்தாள். முன்வாசல் இடிந்து அடைத்துக்கொண்டது. பின்கதவில் பூட்டு, துணி திருடு போகிறதென்று முதலாளி போட்டது. பூட்டை உடைத்தபோது அம்மா கதவுக்குப் பின்னால்தான் கிடந்தாள். அக்காவும் தம்பியும் தெருவில் நின்று பார்த்தார்கள்.

அப்படிப்பட்டவன், சின்ன வகுப்பின் பின்கதவைப் பூட்டிச் சாவியைத் தன் அறையில் வைத்திருந்தான்.

"பிள்ளைங்க கடைக்கு ஓடிடுதுங்கக்கா. அடிபட்டா யார் பதில் சொல்றது? பூகம்பப் பயிற்சி நாள்ல திறந்துதானே வைக்கிறேன்."

"பயிற்சிக்கு நாள் குறிக்கிறே. பூகம்பம் உன்கிட்ட நாள் கேட்டுட்டு வருமாடா?"

"உனக்கு எல்லாத்துலயும் பயம்."

அன்று மதியம் அவள் யாரிடமும் சொல்லாமல் பூகம்ப மணியை அடித்தாள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தபடியே மேசைக்கடியில் பதுங்கினார்கள். பிறகு வரிசையாகப் பின்கதவுக்குப் போனார்கள். கதவு திறக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் முட்ட, முன்னால் நின்றவர்கள் அழுதார்கள். தம்பி சாவிக்கொத்தோடு ஓடி வந்தான். முதலில் எந்தச் சாவியும் சேரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மகள் "அப்பா, அப்பா" என்று தட்டிக்கொண்டிருந்தாள். ஒருவழியாகத் திறந்ததும் அக்கா மேல்தான் பாய்ந்தான்.

"பிள்ளைங்களைப் பயமுறுத்தறியே, உனக்குப் புத்தி இருக்கா?"

சாயங்காலம் பள்ளி விட்டதும் அவன் கதவை மறுபடி பூட்டிவிட்டுப் போனான். மகளின் அழுகையைக் கேட்ட பிறகும்! அதற்குமேல் அவள் பொறுக்கவில்லை. நேரே போய்த் தெருமுனைத் தச்சரை அழைத்துவந்தாள்.

காலையில் தம்பி வந்தபோது சின்ன வகுப்புக்குப் பின்கதவே இல்லை. கீல்களோடு கழற்றிய கதவு முற்றத்தில் கிடந்தது. அதன்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சே? வேலை போயிடும்க்கா உனக்கு."

"போகட்டும். கடைக்கு ஓடற பிள்ளையைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடலாம். அம்மாவை எப்படி எடுத்தாங்கன்னு நீயும் பார்த்தே இல்ல?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவன் மகள் பையை வீசிவிட்டு அந்த வாசல் வழியாக உள்ளே ஓடினாள், வெளியே ஓடிவந்தாள், மறுபடி உள்ளே ஓடினாள். அவன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.