மெஷின் ஓடாத பட்டறை

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கவிழ்த்துப் போட்ட அட்டைப்பெட்டியின் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நிற்கிறார். பெட்டி அசையவில்லை. "என்னையே தாங்குது, உங்க சோப்பைத் தாங்காதா?" என்று வாங்க வந்தவரைக் கேட்கிறார். அவர் எடையைப் பற்றித் தெருவில் வேறு யாரும் வாய் திறப்பதில்லை. அவரேதான் அதை விளம்பரமாக வைத்திருக்கிறார்.

அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்தும் அவர் தெருவுக்குப் பெட்டியக்கா. மருந்துக்கடைக்குப் போனால் மாத்திரையைக் கேட்குமுன் அது வந்த பெட்டியைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பார். பசை சரியில்லை என்றால் கடைக்காரருக்கு அன்று பாட்டு உண்டு. "டிவி வாங்கிப் பதினைஞ்சு நாளாச்சு, இன்னும் அது வந்த அட்டையைத்தான் தடவிப் பாத்துக்கிட்டிருக்கா" என்பது கணவரின் தீராத புகார்.

ஊரில் வியாபாரம் படுத்தபோது முதலில் படுத்தது அட்டைப்பெட்டிதான். அனுப்பச் சரக்கே இல்லாதவருக்குப் பெட்டி எதற்கு? பட்டறையில் நாலு பேர்: வெட்டுகிறவர், மடிக்கிறவர், கம்பிப் பின் அடிக்கிறவர், பசை தடவும் சின்னம்மா. ஆளை நிறுத்தாமல் வைத்திருக்கும் சிறுதொழில்களுக்குப் பாதிச் சம்பளத்தை அரசாங்கமே தரும் என்று அறிவிப்பு வந்ததும், பெட்டியக்கா முதல் நாளே விண்ணப்பம் போட்டார். அது கிடைக்காவிட்டால் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். எந்த இரண்டு பேர் என்று யோசிக்கப்போய், மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதிகாரி பார்வையிட வருகிற அன்று, பக்கத்துப் பட்டறைக்காரர் அக்கறையாக ஒரு யோசனை சொன்னார். கையிருப்பு அட்டையைப் போட்டு மெஷினைச் சும்மா ஓடவிட்டால் தொழில் நடக்கிற மாதிரி இருக்குமாம். வெட்டுகிறவரும் தலையாட்டிக்கொண்டே சுவிட்சைத் தட்டினார். பெட்டியக்கா போய் அணைத்துவிட்டார். பொய் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அப்புறம். நல்ல அட்டையை வீணாக வெட்டுவது அவருக்குப் பொறுக்காது.

அதிகாரி வந்தபோது நாலு பேரும் நாலு ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் ஏன் ஓடவில்லை என்று கேட்டார் அவர். பக்கத்துப் பட்டறைக்காரர் வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆர்டர் இல்ல சார், அதான் ஓடல. ஆளு நாலு பேரும் இருக்காங்க. அதுக்குத்தானே நீங்க தர்றீங்க?" என்றார் பெட்டியக்கா.

அதிகாரி நாலு முகங்களையும் பெயர்களோடு சரிபார்த்தார். மூன்று தெரு சுற்றியும் இப்படி ஒரு நேரான பதில் கிடைக்கவில்லை என்றார். பெட்டியக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதை மறைக்கவும் அவர் மெனக்கெடவில்லை.

கையெழுத்துப் போடப் போன அதிகாரி, ஒரு கட்டம் காலியாக இருப்பதைக் காட்டினார். இந்தக் காலத்தில் வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற கட்டம். சும்மா ஒரு கோடு இழுத்தால் போதும் என்று பேனாவை நீட்டினார்.

பெட்டியக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டத்தை விட்டு வெளியே போனாலும் போகட்டும் என்று, எழுத்து எழுத்தாக அழுத்தி எழுதினார்: 'ஒருவரும் இல்லை.'