தானாகத் திரும்பிய மூடி

பேனா பழுதுபார்க்கும் அந்த வீட்டு மருமகளே, மறுபடியும் கூலி கிடைக்கட்டுமென்று மூடிகளைத் தளர்த்திவிடுகிறாள் என்று தெருவில் பேசினார்களே, அது சுத்தப் பொய். கையால் கடைந்த பேனாவின் மூடி லொடலொடத்தால், மூடி திருகி ஏறும் மரையில் மெல்லிசாக அரக்குப் பூசி உலரவிடுவாள். பிறகு சிக்கென்று பிடிக்கும். ஒரு கறுப்புப் பேனா மட்டும் எத்தனை முறை சரிசெய்தாலும் மறுநாள் கழன்றே கிடக்கும்.

ஒருநாள் பட்டப்பகலில் மாமியாரே அதைத் திருகி இறுக்கி, கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"இப்ப எப்படிடி கழலும்? பாத்துடலாம்!"

சற்று நேரத்தில் அவள் முகம் வெளுத்தது.

"அடியே, உள்ளேருந்து யாரோ திருகுறாங்கடி!"

"அத்தே, இதத் தெருவுல சொல்லுங்க. என் பேரு பிழைக்கும்."

"சொன்னா என்னையில்ல பைத்தியம்பாங்க?"

"அப்ப நான் திருடியாவே இருக்கணுமா?"

 மருமகள் தன் துணிமூட்டையை எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். மாமியாரின் கைக்குள் மூடி இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது.