பம்படியில் ஈத்தூண்டில்

அந்த வெயில் நாட்டில் என் வேலை தண்ணீர். ஜேர்மன் இராணுவத்தின் நீர்சுத்திகரிப்புப் பிரிவில் நான் போயிருந்த முகாம், மண்நிறத்தில் ஓடும் ஒரு பெரிய ஆற்றின் கரையில் இருந்தது. ஆற்று நீரைப் பம்பால் இழுத்து, வடித்து, குளோரின் சேர்த்து, சோதித்து அனுப்புவேன். மாலையில் பம்படிக்குப் பக்கத்தில், வேலிக்குள் நின்றபடியே ஈத்தூண்டில் வீசுவேன். புழு, இறால் எதுவும் கிடையாது. இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி ஈ போலச் செய்து, அதைத் தண்ணீர்மேல் மெல்லக் கொண்டுபோய் வைப்பது. ஹம்பேர்க்கிலிருந்து நான் கொண்டுபோன ஒரே பொழுதுபோக்கு அதுதான்.

"ஆமிக்குப் போயும் ஈதான் ஓட்டுறியோ?" என்று அம்மா தொலைபேசியில் கேட்பார். ஓர் ஆமிக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர். என் சீருடையைப் பற்றி அவர் பேசியதெல்லாம் இப்படியான பகிடிகள் மட்டுமே.

பம்படியில் என்னோடு ஓர் உள்ளூர்க்காரர் வேலை செய்தார். அரைகுறைப் பிரெஞ்சில் பேசிக்கொள்வோம். ஜேர்மனியில் மீன்பிடி அனுமதிப் பரீட்சைக்குப் படித்த ஒழுங்கை நான் அங்கும் விடவில்லை. அளப்பேன், தலையில் அடிப்பேன், இதயத்தில் குத்துவேன், பிறகுதான் கொக்கியைக் கழற்றுவேன். வெளியே எடுத்தாலே சாகிற மீனுக்கு இவ்வளவு சடங்கா என்று அவர் சிரிப்பார். மீனைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்.

ஒரு மாலை அவர் மீனை வாங்கவில்லை. ஆற்றின் மேல்பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஓர் ஊரை ஆயுதக்காரர்கள் எரித்துவிட்டார்கள், ஆட்களை ஆற்றில் போட்டிருக்கிறார்கள் என்றார். அவருடைய தம்பி கல்யாணம் முடித்துப் போயிருந்த ஊர் அது. தம்பியைப் பற்றித் தகவல் இல்லை. கரையில் எவரும் இனி இந்த மீனைத் தொடமாட்டார்கள் என்றார்.

என் சோதனைகளில் தண்ணீர் நன்றாகவே இருந்தது. நடந்ததையும் இதையும் அம்மாவிடம் சொன்னேன்.

"நீயும் தின்னாதை, பிள்ளை. எங்கடை கடலிலை சனம் மிதந்த நேரம் நாங்களும் மீன் வாங்கேல்லை. காய்ச்சினால் கிருமி சாகும் எண்டு எனக்கும் தெரியும். இது வேறை."

உறிஞ்சுகுழாயின் வாயிலுள்ள கம்பிவலையில் சேரும் குப்பையை எடுப்பது என் பொறுப்பு. அதை அந்த உள்ளூர்க்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். எதைத் தேடுகிறார் என்று தெரிந்ததால் கொடுத்துவிட்டேன்.

சில நாள் கழித்து, ஆற்றில் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் நீலத்துணி ஒன்று சிக்கியிருந்தது. வேலிக்கு வெளியே ஆற்றில் இறங்க எங்களுக்கு அனுமதி இல்லை. படகும் இல்லை. என் தூண்டில் அவ்வளவு தூரம் போகுமா என்று அவர் கேட்டார்.

தூரம் சரி, காற்று இடப்பக்கம், முனைநூல் மெல்லியது என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டேன். ஈயை வெட்டி எறிந்து, தடித்த நூலில் என்னிடமிருந்த பெரிய கொக்கியைக் கட்டினேன். இரண்டு வீச்சுகள் எட்டவில்லை. அடுத்தது துணியின்மேல் ஓர் ஈயைப் போலவே இறங்கியது. அதைவிடச் சரியாக நான் எதையும் வீசியதில்லை. இழுக்கும்போது, பாரமாக வந்துவிடக் கூடாது என்று மட்டுமே நினைத்தேன்.

பாரமில்லாமல் வந்தது. ஒரு சட்டை. அதைச் சீமெந்துத் தரையில் விரித்து, கழுத்துப்பட்டியையும் பொத்தான்களையும் தடவிப் பார்த்தார். தம்பியுடையது இல்லை என்றார். முகத்தில் ஆறுதல் எதுவும் தெரியவில்லை. சட்டையைப் பிழிந்து உதறி, முகாம் வாசலுக்கு வெளியே, ஆட்கள் போய்வரும் பாதையோரத்து முள்மரத்தில் மாட்டினார். இதையும் யாராவது தேடுவார்கள் என்றார். பிறகு கம்பிவலையைப் பார்க்கத் திரும்பிப் போனார்.

நான் புறப்பட்ட நாளிலும் சட்டை அங்கேயே இருந்தது, வெயிலில் வெளுத்து.

இப்போது தூண்டில் ஹம்பேர்க்கில், வீட்டு நிலவறையில் கிடக்கிறது. பெரிய கொக்கியை இன்னும் அவிழ்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குப் போனால், சாப்பாடு போடும்போது ஒன்றைக் கேட்பார்.

"அந்த மனுசன் தம்பியைக் கண்டவரோ?"

"தெரியேல்லை, அம்மா."

தலையை ஆட்டிவிட்டு, எனக்குச் சோறு போடுவார்.