ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த சூட்டுப் பெட்டி

மாரக்காள் பயப்படாத விஷயம் என்று மைசூரில் ஒன்றுகூடக் கிடையாது. பஸ் ஏறும்போதே, இறங்குகிற இடம் தாண்டிவிட்டதோ என்று எட்டிப் பார்ப்பாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பி, அணைந்ததா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருவாள். மேகம் கறுத்தால் ஹெப்பாள் தொழிற்சாலைக்குப் போன புருஷன் தொட்டையன் தலையில் இடி விழுந்திருக்கும் என்று அழுவாள். அவனோ கேண்டீனில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருப்பான்.

அவளும் நானும் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்து ஆட்கள். நான் ஆட்டோ ஓட்டுகிறேன். அவளுக்கு சரஸ்வதிபுரம் பக்கம், மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஓர் இடத்தில், கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை. அவள் கழுவிய கண்ணாடியில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொள்ளும்.

அங்கே படிக்கிற கனகலக்ஷ்மி என் வாடிக்கைக்காரி. கோழிப் பண்ணையிலிருந்து கரு உள்ள முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பள்ளம் வந்தால் நான் இறங்கி ஆட்டோவைத் தோளில் தூக்கிப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பாள். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். சொன்னாள்.

முட்டைக்குள் இருக்கிற குஞ்சின் மூளையிலிருந்து உயிரணுக்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பாளாம். ஒவ்வொரு அணுவின் மேலேயும் பசை மாதிரி ஒரு புரதம் இருக்கிறதாம். நல்ல பிடிமானம் கிடைத்தால் அணு ஒட்டிக்கொண்டு, நூல் மாதிரி கையை நீட்டி அடுத்த அணுவைத் தொடுமாம். அங்கேயும் அந்தப் பசை இருந்தால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தில் சேதி போக வழி உண்டாகும். நாம் நினைப்பது, பயப்படுவது எல்லாம் அந்தப் பிடி வழியாகத்தானாம். அப்படியென்றால் மாரக்காள் தலைக்குள் ஒரு மூட்டைப் பசை இருக்கும் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் ஒரு முட்டை விரிசல் விட்டது.

அந்த வருஷம் தசராவுக்கு முன்னால் கனகலக்ஷ்மி பாதித் தட்டுகளில் அந்தப் புரதத்தைப் பூசி, மீதியை வெறுமனே விட்டு, எல்லாவற்றிலும் அணுக்களைப் போட்டு, ராப்பகலாக ஒரே சூட்டில் வைத்திருக்கிற சூட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். புரதம் வெளிநாட்டிலிருந்து ஐஸில் வந்தது. கொசுவின் கண்ணீர் அளவுதான். மறுபடி கிடைக்க மாதக்கணக்காகும். பண்டிகை முடிந்ததும் அவளுடைய புரொபசர் வந்து பார்ப்பார். சரியாக வந்திருந்தால்தான் அவள் படிப்பு மேலே நகரும். மாரக்காளிடம் பெட்டிக் கதவைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு, வீட்டாரோடு மேல்கோட்டைக்குப் போய்விட்டாள்.

மாரக்காள் கதவைத் திறக்கவில்லை. ஆயுத பூஜை அன்று மைக்ராஸ்கோப்பிலிருந்து விளக்குமாறு வரைக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். பூஜை போட்ட சாமானை மறுநாள்வரை யாரும் எடுக்கமாட்டார்கள். எல்லாம் சும்மா இருக்க, அந்தப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வருஷம் பூரா உழைக்கிறதே, அதுவும் ஒரு நாள் படுக்கட்டும் என்று சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் விஜயதசமி. மத்தியானம் நஜர்பாதில் அவள் வீட்டு வாசலில் என் ஆட்டோ மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பெட்டிக்கும் லீவு குடுத்தாயா என்று சும்மாதான் சீண்டினேன். ஆமாம் என்றாள், பெருமையாக.

"அக்கா, அது அடைகாக்குற கோழியாட்ட. கோழிக்கு லீவு குடுத்தா முட்டை என்னாகும்?"

சிரிப்பதற்காகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். தசரா ஊர்வலத்துக்காகப் பாதி ஊரை அடைத்திருந்தார்கள். ஒவ்வொரு தெருவிலும் உலகத்து ஜனத்தொகையில் பாதி நின்றது. போலீஸ்காரர் இந்தப் பக்கம் போ என்பார், அந்தப் பக்கம் போனால் அங்கே இன்னொரு போலீஸ்காரர். பயந்தால் ஊரைக் கூட்டுகிற மாரக்காள் பின்சீட்டில் சாவியை மார்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரண்மனைக்குத் தெற்கே, அக்ரஹாரம் சுற்றி, சந்துபொந்தெல்லாம் நுழைந்து போய்ச் சேர்ந்தோம்.

சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுகிற மாதிரி. சாயங்காலத்துக்குள் சூடாகிவிடும், வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்குத் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் கனகலக்ஷ்மி பஸ் இறங்கி, தட்டுகளைப் பார்க்க நேராக அங்கேதான் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மிணி, நேத்து நாந்தானுங்க சுவிட்ச அமத்துனேன். கதவத் தொடலீங்க. ஓய்வு குடுக்கலாம்னு அமத்திப்போட்டனுங்க."

கனகலக்ஷ்மி பையைக் கீழே போட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். சந்தனப் பொட்டோடு அது நின்றது. முதல் தட்டு, இரண்டாவது, அடுத்தது. முகம் கறுத்துக்கொண்டே போனது. வெறும் தட்டில் இருந்தவை எல்லாம் பிடிவிட்டு, உருண்டையாக மிதந்துவிட்டன. மாரக்காள் சுவரோடு சுவராகச் சாய்ந்துவிட்டாள்.

பசை பூசிய தட்டுக்கு வந்ததும் கனகலக்ஷ்மி வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"மாரக்கா, இங்க வந்து பாருங்கோ."

மாரக்காள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். பிறகு நானும் பார்த்தேன். எல்லாமே பிழைத்துவிட்டன என்று சொல்ல முடியாது, பல நூல்கள் அறுந்திருந்தன. ஆனால் நிறைய அணுக்கள் தட்டை விடாமல், ஒன்றையொன்று பிடித்த பிடியையும் விடாமல் அப்படியே இருந்தன. குளிரிலும் கைவிடவில்லை.

அதற்காக யாரும் மாரக்காளுக்கு மாலை போடவில்லை. இப்படிக் குளிர்ந்துபோனதை எல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது, திரும்பச் செய் என்று புரொபசர் சொல்லிவிட்டார். கனகலக்ஷ்மி ரெண்டு நாள் மாரக்காளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காபி வாங்கிக் குடுத்தாள்.

தை மாதம் மறுபடி புரதம் வந்தது. இந்தத் தடவை பெட்டியை வேண்டுமென்றே அணைத்து, எந்த அணு எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது என்று பார்ப்பதாக கனகலக்ஷ்மி தீர்மானித்தாள். அணைக்கிற வேலையை மாரக்காளிடமே சொன்னாள்.

மாரக்காள் சுவிட்ச் வரைக்கும் போனாள். கையைத் தூக்கினாள். இறக்கிவிட்டாள்.

"நீங்களே அமத்துங்க அம்மிணி. உள்ள அதுக கையப் புடிச்சுட்டு இருக்குதுக."