ஒலிம்பிக்குக்குப் போகாத ஹருயோ

கரப்பந்தாட்டம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். 2006 ஆகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குப் போனதும் அதற்காகத்தான். இந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஜப்பானில் ஒரு நெசவுக் கம்பெனி தன் தொழிலாளப் பெண்களையே வைத்து ஓர் அணி நடத்தியது. காலையில் தறி, மதியத்துக்குப் பிறகு பந்து. அதிலிருந்து இருவர் ஒலிம்பிக் வரை போனார்கள். பிற்பாடு செலவு கட்டாது என்று கம்பெனி அணியையே மூடிவிட்டது. அதில் ஆறு வருடம் இருந்த ஹருயோ இப்போது மொன்றியலில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். அணியின் வரலாற்றை என் வலைப்பதிவில் எழுதுவதற்காகக் கேட்டபோது, அணியில் தன் வேலை என்ன என்பதைத் தொலைபேசியிலேயே தெளிவாகச் சொன்னார். உள்ளதை மட்டும் எழுதச் சொன்னார். சரி என்றேன்.

காலை ஏழு மணி பஸ், 540 கிலோமீற்றர், இறங்கும்போது பிற்பகல் இரண்டு. மெட்ரோவில் பார்க் நிலையம். அங்கிருந்து பத்து நிமிட நடையில் மைதானம். அன்று அங்கே தமிழ்த் தேவாலயப் பங்கு மக்களின் கரப்பந்துப் போட்டி. அதை நடத்திய ஜெராட் அண்ணை மன்னார்க்காரர், ஹருயோவோடு வேலை செய்பவர்; தொலைபேசியில் எங்களுக்கு மொழிபெயர்த்தவரும் அவரே. ஹருயோவைப் பிரதம விருந்தினராக அழைத்திருந்தார். அறிமுகம் செய்யும் பொறுப்பு எனக்கு.

"சும்மா விளையாடினவ எண்டால் சனம் திரும்பியும் பாராது. கொஞ்சம் ஏத்திச் சொல்லும்," என்றார் அண்ணை.

நம் மேடைகளில் யாரைத்தான் ஏற்றிச் சொல்லவில்லை? மைக்கைப் பிடித்ததும் எனக்கும் வாய் நிற்கவில்லை. "ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற வீராங்கனை" என்றேன். சனம் எழுந்து கைதட்டியது. பொன்னாடையும் போர்த்தினோம்.

தமிழ் தெரியாவிட்டாலும் ஒலிம்பிக் என்ற சொல் அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணையிடம் ஏதோ கேட்டார். பிறகு மைக்கை வாங்கி, குனிந்து வணங்கி, பிரெஞ்சில் நிதானமாகப் பேசினார். அதை மொழிபெயர்க்க மேடையில் அண்ணையைவிட்டால் ஆளில்லை.

"நான் ஒலிம்பிக் போகேல்லை. ஒரு போட்டியிலும் இறங்கேல்லை. போனவைக்குப் பயிற்சியில ஒரு நாளைக்கு ஆயிரம் பந்து அடிச்சுக் குடுத்தன். ஆறு வருசம்."

ஹருயோ என் பக்கம் திரும்பி இன்னொன்று கேட்டார். அதைச் சொல்லும்போது அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது போதாது எண்டு நினைச்சியளோ எண்டு கேக்கிறா."

ஹருயோ பொன்னாடையை மடித்து இரண்டு கையாலும் என்னிடம் தந்துவிட்டு, கடைசி ஆட்டம் வரை இருந்து பார்த்தார். அவமானத்தில் என்னால் ஓர் ஆட்டத்தையும் பார்க்க முடியவில்லை.

அடுத்த முறை இந்தப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு: போட்டி பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்கும், நிழல் இல்லை, தொப்பி அவசியம். யாரையாவது மேடையேற்றுவதானால், என்ன சொல்லப்போகிறீர்கள் என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

இதை வெளியிடுவதற்கு முன் தொலைபேசியில் ஹருயோவுக்கு வாசித்தேன். அண்ணை அவருக்கு மொழிபெயர்த்தார். ஹருயோ ஒரே ஒரு திருத்தம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்நூறு பந்துதானாம்.