லல்லியிடம் தமிழ் பேசாத வருஷம்

கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் போதும், என் தங்கை லல்லி எங்கிருந்தாலும் அடுக்களைக்கு ஓடிவந்து, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, "பொரியறது! பொரியறது!" என்று குதிப்பாள். ஏழு வயதில் அவள் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே நீளமானது அதுதான். மற்றபடி "அம்மா", சாதத்துக்கு "மம்மு", வாசலைக் கண்டால் "போலாம்", யாராவது பெயர் கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு "லல்லி". இவ்வளவுதான் அவளுடைய சொத்து.

கரமனை அக்கிரகாரத்தில், ஆற்றுக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. அப்பாவுக்கு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம், பிறந்து வளர்ந்ததே திருவனந்தபுரம், மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். காய்காரியிடம் பேரம் பேசுகிற அளவோடு அவள் மலையாளம் நின்றுவிட்டது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிச் சில காலம் ஆகியிருந்தது. லல்லியைப் போன்ற குழந்தைகளுக்கு அன்று தெருவில் இருந்த பெயர் "மந்தம்", கொஞ்சம் நல்ல மனசுக்காரர்களாக இருந்தால் "பாவம்". வசம்பைப் பொன்னோடு சேர்த்து உரைத்து நாக்கில் தடவிப் பார்த்தார்கள். வைத்தியர் "வளர வளர சரியாகும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அம்மாவோ பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. "அவ பாஸாக வேண்டாம், நாலு கொழந்தைகளோட ஒரு பெஞ்சில உக்காந்தா போறும்" என்பாள்.

அந்தப் பெஞ்சுக்காக அப்பா ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. வாசலிலேயே கையை விரித்தவர்கள்தான் அதிகம். ஒரே ஒரு பெரிய டீச்சர்தான் உள்ளே கூப்பிட்டு, லல்லியை மடியருகே நிறுத்திவைத்துப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "வீட்டில் தமிழ், இவிடே மலையாளம். பாவம், குட்டி குழங்ஙிப்போயி. ஒரு பாஷ மதி. வீட்டிலும் மலையாளம் மாத்ரம் பறஞ்ஞு நோக்கூ, அடுத்த கொல்லம் நமுக்கு எடுக்காம்" என்றார். இரண்டு பாஷை கேட்டுக் குழந்தை குழம்பிவிட்டது, ஒன்றே போதும், அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம் என்று பொருள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள், அப்பாவும் நம்பினார்.

அன்று சாயங்காலமே உத்தரவு பிறந்தது. "இன்னைலேந்து லல்லி காதுல தமிழே விழப்படாது, கேட்டியா? மலையாளமாக்கும் இனி. ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுண்டா கொழந்தைக்கு ஸ்கூல் ஆச்சு." அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நேக்கு அதுல கொஞ்சத் தெரியாதேன்னா" என்றாள். அப்பாவுக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. "பழகினா வரும்" என்றார்.

வரவில்லை. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தூங்குடி செல்லம்னு சொல்லணும்னா எப்படீடி?" என்று கேட்பாள், நான் சொல்லிக் கொடுப்பேன். அம்மா லல்லியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, கடைசியில் "நீயே சொல்லேன்" என்று எழுந்துவிடுவாள். குளிப்பாட்டும்போது ஓயாமல் வளவளத்தவள் வெறுமனே தண்ணீரை மொண்டு விட்டாள். தாலாட்டில் வார்த்தை போய் ராகம் மட்டும் நின்றது. அப்பாவும் அம்மாவும் ஏதாவது பேச வேண்டுமானால் கிணற்றடிக்கோ கொல்லைக்கோ போய், கதவைச் சாத்திக்கொண்டு, களவாணிகள் மாதிரி கிசுகிசுத்தார்கள். எங்கள் வீட்டில் தமிழ் அப்படி ஒளிந்து வாழ்ந்தது.

லல்லிக்கு அந்தக் கிசுகிசுப்பு எப்படியோ கேட்டுவிடும். சாத்திய கதவில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பாள். உள்ளே அவள் நிற்பது தெரிந்ததும் பேச்சு நின்றுபோகும். அதன் பிறகும் அவள் நகர மாட்டாள். அந்த மரக்கதவின் பக்கத்தில் நின்ற சிறு முதுகை நான் இன்றும் கனவில் காண்கிறேன். கனவிலும் அவள் திரும்புவதில்லை.

முதலில் போனது "மம்மு". பசித்தால் தட்டைத் தட்டினாள். பிறகு "போலாம்" போயிற்று. கடுகு பொரியும்போது ஓடி வந்தாள், காதைப் பொத்தினாள், குதித்தாள், வாய் திறக்கவில்லை. அம்மா கரண்டியும் கையுமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில் தாளிதம் கருகிப் போனது. அப்பா மட்டும் தளரவில்லை. "பழைய பாஷை எறங்கறது, புதுசு ஏறும்" என்று தெம்பாகச் சொன்னார். நம்பிக்கை அவ்வளவு பொல்லாதது!

மறுவருஷம் மழையோடு பள்ளிக்கூடம் திறந்தது. லல்லிக்குப் புதுப் பாவாடை, இரட்டைப் பின்னல், நெற்றியில் சாந்து. பெரிய டீச்சர் அன்போடுதான் கேட்டார், "மோள்டெ பேரெந்தா?" என்று. லல்லி அவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். இன்னொரு முறை கேட்டார். போன வருஷம் அதே அறையில் "லல்லி" என்று சொன்ன குழந்தை! அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அப்பா பக்கத்தில் நிற்பதையும் மறந்து, "ஓம் பேரைச் சொல்லுடி கண்ணே, அம்மாகிட்டச் சொல்லு" என்று கதறிவிட்டாள். வீட்டுக்கு யாரோ வந்திருந்தால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படித்தான் லல்லி அம்மாவைப் பார்த்தாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

"இனிமே எதுல வேணும்னாலும் பேசு" என்றார் அப்பா, பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் முன். அம்மா பேசினாள். ஒரு வருஷம் அடைத்து வைத்ததையெல்லாம் கொட்டுகிறவள் மாதிரி நாள் முழுக்கப் பேசினாள். ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை. பேசாமலே வளர்ந்து, பேசாமலே நரைத்து, என் வீட்டில், என் கையால் கடைசிக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனாள் லல்லி. அவளைப் போன்ற சிலருக்கு இருந்த பேச்சும் தானாகவே நின்றுபோவதுண்டு, வீட்டுப் பாஷையை விட்டதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்று பின்னாளில் ஒரு டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். இருக்கலாம். அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அப்பா முன்னாலேயே போய்விட்டார். அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பியது. எல்லாரிடமும் அவளுடைய திருநெல்வேலித் தமிழில்தான் பேசினாள்; லல்லி அறைக்குள் வந்தால் மட்டும் சட்டென்று குரலைத் தாழ்த்தி, மலையாளத்தில் தட்டுத் தடுமாறி, "வா மோளே, இரி" என்பாள்.

இப்போது கரமனையில் அந்த வீடும் இல்லை, அந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. போன மாதம் பக்கத்து ஃபிளாட் பெண் தன் பேசாத மகனை ஒரு சிறப்புப் பள்ளிக்கு அழைத்துப் போனபோது துணைக்கு நானும் போனேன். விளையாடித் தேய்ந்த பொம்மைகள் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த சின்னப் பெண்தான் டீச்சர். அவள் பையனின் பெயரைக் கேட்கவில்லை, வயதைக் கேட்கவில்லை. அந்தத் தாயிடம் முதலில் கேட்டது இதுதான்: "வீட்ல இவனை எந்த பாஷையில கொஞ்சுவீங்க? அதையே பேசுங்க, நிறைய பேசுங்க."

எங்கள் அம்மாவிடம் இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது.